லிஃப்ட்காரரின் மஞ்சள் வயர்

லிஃப்ட்காரர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்து ஊராரை மேலே ஏற்றி இறக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஏற்றி இறக்கியது ஒரே ஒருவரைத்தான், தன் மனைவியை. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள். காலை ஆறேகாலுக்குக் காரில் ஏற்றி ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவார். அங்கே நாலு மணி நேரம் அந்த அம்மாவின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்யும். மறுபடி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

சிறுநீரகம் போனது இரண்டாவதாகத்தான். முதலில் போனது ஞாபகம். இரண்டும் சேர்ந்துவிட்ட பிறகு பகல் வேளைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னை வைத்தார்கள். நான் நர்ஸ் இல்லை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். அவரிடம் இரண்டு முறை அப்படிச் சொன்னேன். "சரிங்க நர்ஸம்மா" என்றார். பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

வீட்டைப் பார்த்தாலே அவர் தொழில் தெரியும். தரைத்தளம், இரண்டு அறை. படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரில் எஃகுக் கைப்பிடி ஓடும். பழைய லிஃப்ட் ஒன்றைக் கழற்றியபோது கேட்டு வாங்கிவந்ததாம். கட்டிலின் நாலு காலுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தார். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் சரியாகப் பதியும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "கேபின் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டத்துல நிக்கணும்ல, அதே கணக்குதான்" என்றார். எங்கள் பயிற்சியில் அதற்கு ஒரு முழு வகுப்பு எடுத்தார்கள்.

இரண்டு பேரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது ஏற்பட்ட பழக்கமா என்று அக்கம்பக்கத்தார் அவரைக் கிண்டல் செய்வார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம்தான் அது. அந்த அம்மா வாழ்நாளில் லிஃப்டில் ஏறியதே கிடையாது. பயம். புருஷன் பழுது பார்த்த லிஃப்டாக இருந்தால் இன்னும் பயம் என்பாராம். பத்தாவது மாடியில் ஓர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு, புதுப்புடவையோடு எட்டு மாடி படியேறி, ஒன்பதாவதுக்கு முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்று அந்த அம்மாவின் அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. குளிப்பாட்டலாம், உடை மாற்றலாம், ஊட்டலாம், மருந்து கொடுக்கலாம். ஆனால் அந்த அம்மாவைத் தூக்கி இடம் மாற்றுவது அவர் மட்டும்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து காருக்கு, காரிலிருந்து ஆஸ்பத்திரியின் சக்கர நாற்காலிக்கு. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகவேண்டும். ஆஸ்பத்திரிக்குக்கூட நான் போகவேண்டியதில்லை, காரில் ஏற்றும்வரை நின்றால் போதும் என்பார். அவர் தூக்கும் விதம் தப்பு. அக்குளில் கை கொடுத்து இடுப்பை வளைத்துத் தூக்குவார். அவருக்கு எழுபது வயது, வலது தோள் வலியில் கை காதுவரை ஏறாது, முதுகுக்கு பெல்ட் போட்டிருந்தார். மூன்றாம் நாள் சொல்லிப் பார்த்தேன். "முப்பத்தொரு வருஷமா வெயிட்டு தூக்கறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். தன் முதுகை உடைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இல்லை என்று சொல்லுமளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லை.

மகள் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓர் ஊரில் பல் டாக்டர். அவள் அந்த ஊரிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் தாய்க்கு இடம் சொல்லி வைத்திருந்தாள். டயாலிசிஸ் இயந்திரம் உள்ளேயே இருக்கும் இல்லம், அலைச்சல் கிடையாது. அப்பாவுக்கு அங்கே இடம் இல்லை, வேண்டுமானால் தன் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு தினம் போய்ப் பார்த்துவரலாம் என்றாள். அவர் முடியாது என்றார். பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. டயாலிசிஸ் ஒரு தடவை தவறினாலும் அம்மா அங்கே போகவேண்டும். தவறவே தவறாது என்ற தைரியத்தில் அவர் ஒத்துக்கொண்டார்.

தவறும் நிலை எப்படி வந்தது என்றால், அந்த அம்மாவுக்குக் காரைக் கண்டால் பயம் வந்ததிலிருந்துதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சிக்னலில் நிற்கும்போது பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். பக்கத்தில் பஸ். லிஃப்ட்காரர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அதன் பிறகு கதவை உள்ளிருந்து திறக்கமுடியாதபடி செய்துவைத்தார். அந்த அம்மா கண்ணாடியைக் குத்தத் தொடங்கினார். நாற்பது நிமிஷமும் குத்துவார். டாக்டரிடம் தூங்குவதற்கு ஏதாவது கொடுக்கச் சொன்னோம். டயாலிசிஸின்போதே ரத்த அழுத்தம் இறங்கும், அதோடு இதையும் கொடுத்தால் ஆளே எழுந்திருக்கமாட்டார் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

வழி கிடைத்தது தற்செயலாக. அக்கா வெளியூரில் இருந்தார். வீட்டில் எல்லோரும், லிஃப்ட்காரர் உட்பட, அவரைப் பெரியம்மா என்றே சொல்வார்கள். அவர் தினமும் போனில் தங்கைக்குப் பத்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். பாசமாக ஒரு வார்த்தை இருக்காது. மருமகள் யாரோடு சண்டை போட்டாள், மாடி வீட்டுக்காரி எந்தத் துணியைத் தன் கொடியில் காயப்போட்டாள் என்று ஓடும். நடுநடுவே கேள்வி வரும். கேள்வி கேட்டதும் பதிலுக்கு இடம் விட்டு நிறுத்துவார், எதிரில் ஆள் இருப்பது போலவே. "மாத்திரை போட்டியாடி?" என்பார். மூன்று நொடி சத்தம் இருக்காது. பிறகு "பொய் சொல்லாத" என்பார்.

அந்த மூன்று நொடியில் அந்த அம்மா, "சத்தியமா போட்டேன்க்கா" என்று பதில் சொல்லியிருப்பார்.

பழைய பதிவைத் திரும்பப் போட்டாலும் பரவாயில்லை, அவருக்கு எல்லாமே இன்று காலை நடந்ததுதான். அந்தக் குரல் ஓடும்வரை கை மடியில் இருக்கும். காரிலும் இதையே போடலாம் என்று முடிவானது. ஆனால் கார் பழைய டீசல் வண்டி, அரவை மெஷின் போலச் சத்தம். அம்மாவுக்குக் காது மந்தம். காதுக்கருவி மாட்டினால் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார். போனின் சத்தம் போதவில்லை. காரின் ஸ்டீரியோவுக்கோ ரேடியோவும் சிடியும் மட்டும்தான் தெரியும். முன்பக்கம் வயர் சொருகும் ஓட்டை ஒன்று இருந்தது. போனிலிருந்து அதற்கு வயர் கொடுத்தால் அம்மா கண்ணில் பட்ட வயரை இழுக்காமல் விடமாட்டார், இயந்திரத்தில் படுக்கும் ஆட்கள் பலருக்கும் அந்தக் கைப்பழக்கம் வந்துவிடும். இரண்டு முறை போன் காலடியில் விழுந்தது.

ஆகவே தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளூடூத் பெட்டி வாங்கினார். போனிலிருந்து வயர் இல்லாமலே குரலை வாங்கி ஸ்டீரியோவுக்குக் கொடுக்கும். ஸ்டீரியோவைக் கழற்றி, பின்னால் இணைத்து, பெட்டியை டேஷ்போர்டுக்குள் மறைத்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் வேலை என்றார். ஏழு வாரம் பிடித்தது.

முதலில் சிகரெட் பற்றவைக்கும் சாக்கெட்டிலிருந்து எடுத்தார். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். குரல் வந்தது, கூடவே ஒரு ஊளையும் வந்தது. வண்டி வேகம் எடுக்க எடுக்க அதுவும் மேலே ஏறும். என்ஜின் கரண்ட் தயாரிக்கிற சத்தம் அந்த வழியாக ஸ்பீக்கருக்குள் நுழைகிறது என்று விளக்கினார். எனக்கும் அவருக்கும் அது வெறும் இரைச்சல். அந்த அம்மாவுக்கு அது குழந்தை அழுகிற சத்தம். "புள்ள அழுவுது, வண்டிய நிறுத்துங்க" என்றார். அன்று கண்ணாடியோடு டேஷ்போர்டையும் குத்தினார்.

பிறகு பவர் பேங்க் வாங்கிச் சொருகினார். காரோடு சம்பந்தமே இல்லை, ஊளையும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது, இரண்டு நிமிஷம். பெட்டி குடிக்கும் கரண்ட் மிகவும் கொஞ்சம் என்பதால் யாருமே சொருகவில்லை என்று நினைத்துக்கொண்டு பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும். பெரியம்மா மாடி வீட்டுக்காரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். வலது கையால் மட்டும் வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை இடது கையை நீட்டிப் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்தேன் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வலது கையை இடது கையால் தூக்கித்தான் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார்.

மூன்றாவதாக ஸ்டீரியோவையே கழற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. நான் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கார்க் கதவைத் திறந்துபோட்டு, முட்டியைத் தரையில் ஊன்றி, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் பார்க்கும் மீட்டரின் இரண்டு ஊசியும் கையில். ஸ்டீரியோவுக்குப் பின்னால் சிவப்பில் ஒரு வயர் வரும். சாவியைத் திருப்பினால்தான் அதில் கரண்ட் வரும். மஞ்சளில் இன்னொன்று. அதில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும். எதற்கு என்று கேட்டேன். கடைசியாக எந்த ஸ்டேஷன் பாடியது, மணி என்ன என்பதெல்லாம் ரேடியோவுக்கு மறந்துபோகாமல் இருக்க என்றார். கொஞ்ச நேரம் அந்த மஞ்சள் வயரையே பார்த்தார். "ரேடியோவுக்கு ஞாபகம் இருக்கறதுக்குன்னு தனியா ஒரு வயர் வெச்சிருக்கான்" என்றார். பிறகு அதன் தோலைச் சீவத் தொடங்கினார்.

பெட்டிக்கு மஞ்சளிலிருந்துதான் கரண்ட் எடுத்தார். தெரியாமல் செய்தார் என்று யாரும் நினைக்கவேண்டாம். சிவப்பைத் தொட்டும் பார்த்துவிட்டு வேண்டுமென்றே மஞ்சளுக்குப் போனார். லிஃப்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூண்டுக்குள் இருக்கும் விளக்கும் மணியும் மோட்டாரின் லைனில் இருக்கக்கூடாது. மோட்டார் செத்தாலும், மெயினை யாராவது அணைத்தாலும், உள்ளே விளக்கு எரியவேண்டும். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் லிஃப்ட்காரர் முதலில் செய்வது கதவை நெம்ப இரும்புக் கம்பியைத் தேடுவது அல்ல. கதவில் வாயை வைத்துப் பேசுவது. "வெளிச்சமும் ஒரு குரலும் இருந்தா மூணு மணி நேரம்கூட உக்காந்திருப்பாங்க. ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா பத்து நிமிஷத்துல கதவ உதைக்க ஆரம்பிச்சுருவாங்க" என்று சொல்வார். ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை அணைத்தே ஆகவேண்டும், புகை உள்ளே போகிறது என்று காவலாளி விடமாட்டார். சாவியைத் திருப்பியதும் பெரியம்மா வாயை மூடிவிட்டால், இவர் சுற்றிவந்து கதவைத் திறந்து தூக்குவதற்குள் அந்த அம்மா ரகளை செய்வார். அதற்குத்தான் மஞ்சள்.

ஒட்டுப்போட்டது தெரியாதபடி பற்றுவைத்து, ஃப்யூஸ் கொடுத்து, டேப் சுற்றி, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடினார். ஊளை இல்லை. நடுவில் நிற்கவில்லை. மூன்று வாரம் அந்த அம்மா அக்காவோடு வாயாடிக்கொண்டே போய் வந்தார். லிஃப்ட்காரர் மதியம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கண்ணயர ஆரம்பித்தார். அதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை மகள் வந்திருந்தாள். தன் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று பிடிவாதம். அவள் வண்டியில் எல்லாம் தானாகவே இணைந்துகொள்ளும். அன்று அம்மா அமைதியாகவே போய் வந்தார். இங்கே பழைய கார் புதன்கிழமை மதியம் நிறுத்தியது நிறுத்தியபடியே கிடந்தது. மகள் ஞாயிறு மாலை ஊருக்குப் போனாள்.

திங்கள் காலை ஆறேகால். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து பெல்ட் போட்டு, சுற்றிவந்து சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். டிக். பெரியம்மாவும் பேசவில்லை.

ஐந்து நாளும் அந்தச் சின்னப் பெட்டி விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரியும் வயதானது. துளித்துளியாகக் குடித்துத் தீர்த்துவிட்டது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், மூடிய காருக்குள் அம்மா கண்ணாடியைக் குத்துகிறார், லிஃப்ட்காரர் பானெட்டைத் திறக்கிறார், நாலு குத்துக்கு ஒருமுறை அதை விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடிவருகிறார் என்பதுதான். நான் கதவருகே போனேன். "நீங்க தொடாதீங்க, பயந்துக்குவா" என்றார். என்னைத்தான் அந்த அம்மா தினமும் பார்க்கிறார், அவர் தலையை நான்தான் வாருகிறேன். ஆனால் அது வாதம் செய்யும் நேரம் இல்லை. பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை எழுப்பப் போனேன்.

மாஸ்டர் லுங்கியோடு வந்து, தன் வண்டியைக் கிட்டே நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் தடித்த வயர் போட்டார். சும்மா இருக்கமாட்டார் அவர்.

"ஏறி இறங்குற வண்டின்னா நீங்க ராஜா. ஓடுற வண்டி கொஞ்சம் தகராறு பண்ணுது போல?"

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. மாஸ்டரும் காருக்குள் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வண்டி கிளம்பும்போது மணி ஏழரை. போய்ச் சேர்ந்தபோது எட்டேகால். அந்த அம்மாவின் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். ஒரு மணிவரை வராந்தாவில் காத்திருந்து, அதன் பிறகு கிடைத்தது இரண்டே மணி நேரம். மாலையில் எடை பார்த்தேன். வழக்கமாக இருக்கவேண்டியதைவிட ஒன்றரைக் கிலோ கூட. கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தது மகளின் நம்பர். அவர்கள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவள் திங்கள் சாயங்காலமே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள். தவறவில்லை, தாமதம்தான் என்றார் அவர். பாதி என்றாள் அவள். பாதி தவறினால் தவறியதுதானே என்றாள். அவர் எழுந்துபோய் மீட்டரை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தார்.

"வண்டி மேல தப்பு இல்ல. நான்தான் வயர எடுக்கக்கூடாத எடத்துல எடுத்தேன். எப்பவும் முழிச்சுகிட்டே இருந்திருக்கு. அதான் தீந்துபோச்சு."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபம் அந்த நேரத்தில் இறங்கியதை நான் பார்த்தேன்.

"நீங்க தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்லலப்பா," என்றாள். "நீங்க ஒரே ஆள்னு சொல்றேன்."

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டார். புதன்கிழமை மட்டும் பார், பார்த்துவிட்டு முடிவு செய் என்று கேட்டார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். சரி, பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். இல்லத்துக்கு போன் செய்து வியாழக்கிழமைவரை இடத்தைப் பிடித்துவைக்கச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஸ்டீரியோவைக் கழற்றினார். இந்த முறை சிவப்பு. என்ஜின் ஓடும்போது குரல் வந்தது. சாவியை அணைத்ததும் நின்றது. எதிர்பார்த்ததுதான். கார்ச் சாவியில் நடுவில் ஒரு நிலை உண்டு, என்ஜின் அணைந்திருக்கும், ரேடியோ மட்டும் பாடும். அதில் வைத்தால் போதும். ஆனால் அந்தச் சாவித் துவாரம் தேய்ந்துபோயிருந்தது. நடுவில் நிற்காது. கையை எடுத்தால் பின்னுக்கு விழுந்து அணையும், இம்மி கூடினால் ஸ்டார்ட்டர் உறுமும். வேறு பூட்டு மாட்டலாம் என்றால் அந்த மாடல் வண்டியின் தயாரிப்பு நின்றே பல வருஷம் ஆகிவிட்டது. துணிக்கிளிப்பை மாட்டிப் பார்த்தார், தெறித்தது. ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்த்தார், வழுக்கியது.

பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாவியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கர்ர் என்று வண்டி அலறியது.

"விடுங்க விடுங்க. ஸ்டார்ட்டர் செத்துரும் நர்ஸம்மா."

மறுபடி முயன்றேன். பெரியம்மா "என்னடி" என்று ஆரம்பித்து அணைந்துபோனார். நாலு தடவை பார்த்தோம். இருபது வருஷமாக அந்தச் சாவியைத் திருப்பிய கைக்குத்தான் அது எங்கே நிற்கும் என்று தெரியும். மகளையும் உட்காரவைத்துப் பார்த்தார். பல் பிடுங்குகிற கை, உறுதியான கைதான். அதற்கும் மசியவில்லை.

அவர் கடைசியாக ஒருமுறை தானே உட்கார்ந்து, சாவியை நடுவில் பிடித்து, பெரியம்மா ஒரு முழுக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் இருந்தார். கதை முடிந்ததும் சாவியை எடுத்தார்.

"அப்ப நான் இங்க உக்காந்திருக்கணும்," என்றார்.

"ஆமா சார்."

"அவள யாரு எறக்குறது?"

நான் மிச்ச வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பதில் அவருக்கே தெரியும். அவர் காரைப் பூட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

புதன்கிழமை காலை நான் என் இடுப்பு பெல்ட்டைக் கொண்டுபோயிருந்தேன். நோயாளியின் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்துத் தூக்குவதற்கானது. அவர் அதைப் பார்த்தார். வீட்டில் அவரே தூக்கி ஏற்றினார். நான் பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்தேன். வழியெல்லாம் பெரியம்மா பேசினார். வீங்கின காலோடு, மூச்சு கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் அம்மா பதில் சொன்னார், ஆனால் சொன்னார். சிக்னலில் மகள் தன் முன்னால் இருந்த சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவில் யாரும் கை வைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, சாவியை மெல்லப் பின்னுக்குக் கொண்டுவந்தார். என்ஜின் நின்றது. பெரியம்மா நிற்கவில்லை. சாவியைப் பிடித்திருந்த லிஃப்ட்காரரின் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

நான் இறங்கிச் சக்கர நாற்காலியைக் கதவுக்குச் சாய்வாகக் கொண்டுவந்து, பிரேக் போட்டு, கதவைத் திறந்து குனிந்தேன்.

"இடது கால் மொதல்ல," என்றார் உள்ளேயிருந்து. "அவளுக்கு வலது முட்டி மடங்காது. தலை, தலை பாத்து. கூரைல இடிச்சுக்கும். அந்தக் கை ஊசி ஏத்துறதுக்கு ஃபிஸ்டுலா வெச்ச கை, அதப் பிடிக்காதீங்க."

"சார்," என்றேன், "எனக்குத் தெரியும். நீங்க சாவியப் பிடிங்க."

பெல்ட்டைக் கட்டினேன். அந்த அம்மாவின் இரண்டு காலையும் வெளியே திருப்பித் தரையில் பதியவைத்தேன். என் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் அக்கா, "ஏண்டி, காலைல என்ன சாப்ட்ட?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"கொஞ்சம் இரு அக்கா, எறங்கிட்டிருக்கேன்," என்றார் அம்மா.

எழுந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. லிஃப்ட்காரர் குனிந்து அந்தப் பக்கக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், கை சாவியில் இருந்ததால் அதற்கு மேல் நகரமுடியவில்லை. "பொய் சொல்லாத" என்றார் பெரியம்மா. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பதில் சொன்ன திருப்தியில் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு ஊசி ஏற்றினார்கள். மகள் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"மூணு நாளும் கூட வருவீங்களா?"

"வரேன். ஆனா பை தூக்க வரமாட்டேன். தூக்குறதுன்னா அம்மாவத்தான். வீட்லயும், இங்கயும்."

"அப்பா விடுவாரா?"

"இன்னிக்கு விட்டாரே."

அவள் ஜன்னலோரம் போய் இல்லத்துக்கு போன் செய்தாள். நாளைக்கு வரவில்லை என்றாள். எப்போது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். இப்போதைக்கு அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். குரலில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவளுக்கும் அந்தக் காலை ஆறேகால் தெரியும், அது இனிமேலும் வாரத்துக்கு மூன்று தடவை வரும் என்பதும் தெரியும். அம்மாவின் கணுக்கால் மறுபடி வீங்கும். அப்பாவின் தோள் சரியாகாது. ஒரு நாள் இந்த ஏற்பாடும் போதாமல் போகும். அதை அவளிடம் நான் மறைக்கவில்லை, அவள் டாக்டர்.

இதைச் சொல்ல லிஃப்ட்காரரைத் தேடிப் போனேன். வழக்கமாக அவர் டயாலிசிஸ் அறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே நாலு மணி நேரமும் நின்றுகொண்டிருப்பார். பெஞ்சு இருந்தாலும் உட்காரமாட்டார். அன்று அங்கே இல்லை. கார் நிறுத்தும் இடத்தில், மரநிழலில், டிரைவர் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துப் படுத்திருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். முதுகு பெல்ட் கழற்றிப் பக்கத்து சீட்டில் கிடந்தது.

இல்லத்தில் வேண்டாம் என்று சொல்லியாயிற்று என்றேன். கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

"நீங்க தூக்கினது சரியா இருந்துச்சு," என்றார். "கால மொதல்ல கீழ பதிய வெச்சீங்க பாருங்க. மட்டம்."

வலது கைவிரலை மடக்கி நீட்டினார். பத்தரைக்கு எழுப்பிவிடுங்கள், முடிந்ததும் ரத்தம் நிற்கும்வரை கையை அமுக்கிப் பிடிக்கவேண்டும், அதை நான்தான் பிடிப்பேன் என்றார். சரி என்றேன். அதற்குள் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

பதினொன்றேகாலுக்குத்தான் எழுப்பினேன். அதற்குள் கையை நானே பிடித்து முடித்திருந்தேன்.